பழைய கட்டடங்களை நிலநடுக்கம் தாங்கும்படி வலுப்படுத்தத் தனி அனுமதி முறை கோரும் மனு

அனுப்புநர்:
செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
குடியிருப்போர் நலச் சங்கம்.

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
கட்டட அனுமதிப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பொருள்: குடியிருப்பில் உள்ள பழைய கட்டடங்களை நிலநடுக்கம் தாங்கும்படி வலுப்படுத்துவதற்குத் தனி விண்ணப்பமும் எளிய அனுமதி முறையும் ஏற்படுத்தக் கோருதல் – தொடர்பாக.

வணக்கம். நாங்கள் 24 குடும்பங்கள், நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் குடியிருக்கிறோம். தரைத்தளம் முழுவதும் வண்டி நிறுத்தும் இடம். அங்கே சுவர் என்று எதுவும் கிடையாது, தூண்கள் மட்டும்தான். சில மாதங்களுக்கு முன் ஒரு தூணில் கையகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. பூசிவிடலாம் என்று கொத்தனாரைக் கூப்பிட்டோம். அவர் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினார், அதைச் சுற்றியிருந்த காரையும் கொட்டியது. உள்ளே கம்பி தெரிந்தது. குறுக்கே சுற்றியிருக்கும் ரிங் கம்பிகள் துருப்பிடித்துப் பாதியாக இளைத்திருந்தன. ஒரு ரிங்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. "இதைப் பூசி மறைக்கக் கூடாதுங்க, இன்ஜினியரைக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, கலவையைக்கூடக் குழைக்காமல் போய்விட்டார். அந்த நேர்மைக்கு அவருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்த்தார். துருவைவிட அவரைக் கவலைப்படுத்தியது ரிங்கின் முனை. அது 90 டிகிரியில், சாதாரண மடக்காக மடித்து விடப்பட்டிருந்தது. 135 டிகிரிக்கு மடக்கி, முனையைத் தூணின் நடுப்பகுதிக்குள் செருகியிருக்க வேண்டும் என்றார். எங்களுக்கு அது பெரிய குறையாகத் தோன்றவில்லை. அப்புறம் அவர் விளக்கினார். கட்டடம் பலமாக ஆடும்போது முதலில் உதிர்வது தூணின் வெளிப்புறக் கான்கிரீட். அது உதிர்ந்ததும் 90 டிகிரி மடக்கைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, ரிங் அவிழ்ந்துவிடும். ரிங் அவிழ்ந்தால் நெட்டுக் கம்பிகள் வெளியே பிதுங்கும், உள்ளே இருக்கும் கான்கிரீட் நொறுங்கும். "பெல்ட்டை இடுப்பில் சுற்றிவிட்டுப் பக்கிளை மாட்டாத மாதிரி" என்றார். அந்தத் தூண்களுக்கு மேலேதான் நாங்கள் இத்தனை வருடமாகத் தூங்குகிறோம்.

சரி, செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம் என்று பொதுக்குழு கூடி, பணம் போட முடிவு செய்தோம். எட்டுத் தூண்களைச் சுற்றிப் புதிய கம்பி கட்டிக் கான்கிரீட் உறை போடுவது, இரண்டு பக்கம் தூண்களுக்கு இடையில் அஸ்திவாரத்திலிருந்து கான்கிரீட் சுவர் எழுப்புவது என்று பொறியாளர் வரைபடம் தயாரித்துக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு அனுமதி வாங்கப் போனோம். எங்கள் சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

விண்ணப்பப் படிவத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன: புதிய கட்டடம், கூடுதல் கட்டடம், மாற்றம், இடிப்பு. நாங்கள் செய்யப்போவது இவற்றில் எதுவும் இல்லை. வேறு வழியில்லாமல் 'மாற்றம்' என்பதில் டிக் போட்டோம். மூன்று மாதம் கழித்துக் கோப்பு திரும்பி வந்தது. தூண்கள் பருத்தால் வண்டி நிறுத்தும் இடத்தின் அகலம் விதிக்குக் கீழே போய்விடுமாம். புதிய சுவர்கள் கூடுதல் கட்டுமானமாகக் கணக்கில் வருமாம். எனவே முழுக் கட்டடத்துக்கும் இன்றைய விதிப்படி புதிதாக வரைபட அனுமதி பெற வேண்டுமாம். கட்டடத்தைச் சுற்றி விட்டிருக்கும் காலியிடம் இன்றைய விதிக்குப் போதாது என்பதால் அந்த அனுமதி எங்களுக்கு எப்போதும் கிடைக்காது. கோப்பைப் பார்த்த ஊழியரை நாங்கள் குறை சொல்லவில்லை. படிவத்தில் இல்லாததை அவர் எங்கே எழுதுவார்? ஆனால் இதே கட்டடத்தை இடிக்க அனுமதி கேட்டிருந்தால், அதற்குக் கட்டம் இருந்தது.

தரைத்தளத்தைத் தூண்களின் மேல் மட்டும் நிறுத்திய கட்டடங்கள் ஏன் தனிக் கவனம் கேட்கின்றன என்பது தங்கள் பொறியாளர்களுக்குத் தெரிந்ததுதான். மேல் மாடிகளில் செங்கல் சுவர்கள் இருப்பதால் அவை விறைப்பாக, ஒரே பெட்டியாக நிற்கின்றன. ஆட்டம் முழுவதும் கீழே உள்ள தூண்களின் தலையில் இறங்குகிறது. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் நிலநடுக்கத்தில், மையப்பகுதியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. அவற்றில் பல இப்படித் தரைத்தளத்தைத் திறந்துவிட்டவை. 1994 ஜனவரி 17 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் நார்த்ரிட்ஜில் ஒரே குடியிருப்பில் 16 பேர் இறந்தார்கள். அங்கே மேல் மாடிகள் பலவீனமான கீழ்த்தளத்தின் மீது அப்படியே உட்கார்ந்துவிட்டன.

புதிய கட்டடங்களுக்கு விதிகள் நன்றாகவே இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் விதி வருவதற்கு முன்பே எழுந்த கட்டடங்களிலும் ஏராளமான மக்கள் இருக்கிறார்கள். ஜப்பான் 1981-லேயே கடுமையான புதிய விதியைக் கொண்டுவந்தது. ஆனாலும் 1995-இல் கோபே நிலநடுக்கத்தில் 6,400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்று நொறுங்கிய வீடுகளில் பெரும்பகுதி 1981-க்கு முன் கட்டப்பட்டவை. பழைய கட்டடங்களைச் சோதித்து வலுப்படுத்துவதற்கென்றே ஒரு சட்டத்தை அதே ஆண்டு ஜப்பான் இயற்றியது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 2015-இல், கீழ்த்தளம் பலவீனமான பழைய மரச்சட்டகக் குடியிருப்புகளை வலுப்படுத்தியே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டது. வேலையை முடிக்க 7 ஆண்டு அவகாசமும் கொடுத்தது. வலுக்கட்டாயம் வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. தானாக முன்வருகிறவர்களைத் தடுக்காமல் இருந்தாலே இப்போதைக்குப் போதும்.

ஆகவே, முதலாவதும் முக்கியமானதுமான கோரிக்கை இதுதான். விண்ணப்பத்தில் 'வலுப்படுத்துதல்' என்று ஐந்தாவது கட்டம் ஒன்று சேருங்கள். அதில் விண்ணப்பிப்பவர் கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கையும் வரைபடத்தையும் மட்டும் கொடுத்தால் போதும் என்று வையுங்கள். தூண் பருப்பதாலும் சுவர் சேர்வதாலும் குறையும் நிறுத்துமிட அகலத்துக்கு விலக்கு கொடுங்கள், புதிய சுவர்களைப் பரப்பளவுக் கணக்கில் சேர்க்க வேண்டாம். விண்ணப்பத்துக்கு ஒரு மாதத்துக்குள் பதில் கிடைக்க வேண்டும்.

அனுமதியை எளிதாக்கச் சொல்கிறோமே தவிர, கண்காணிப்பைத் தளர்த்தச் சொல்லவில்லை. தவறாக வலுப்படுத்துவது சும்மா விடுவதைவிட மோசம். ஒரு பக்கத்துத் தூண்களை மட்டும் பருமனாக்கினால் கட்டடம் ஆடும்போது முறுக்கிக்கொள்ளும். கான்கிரீட் உறையை அஸ்திவாரத்தோடு இணைக்காமல் தரைமட்டத்தில் நிறுத்தினால் அது வெறும் சட்டைதான். பழைய கான்கிரீட்டின் மேற்பரப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்காமல் மேலே ஊற்றினால் இரண்டும் ஒட்டாது. இவை எல்லாம் கான்கிரீட் போட்ட பிறகு கண்ணுக்குத் தெரியாது. எனவே தங்கள் ஆய்வாளர் வேலை முடிந்த பிறகு வந்து கையெழுத்துப் போடுவதைவிட, கம்பி கட்டி முடித்துப் பலகை அடைப்பதற்கு முந்தைய நாள் வரட்டும். ரிங்கின் இடைவெளியை டேப் வைத்து அளக்கட்டும், முனை மடக்கைப் பார்க்கட்டும், போட்டோ எடுக்கட்டும். அந்த அரை மணி நேரத்துக்குள்ள மதிப்பு எந்தச் சான்றிதழுக்கும் இல்லை.

ஒன்றிரண்டு மாடி மட்டும் உள்ள செங்கல், கருங்கல் வீடுகளுக்கு இந்த அனுமதியே வேண்டாம் என்பது எங்கள் எண்ணம். 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிராவின் கில்லாரியில் நடந்த நிலநடுக்கத்தில் சுமார் 10 ஆயிரம் பேர் உயிரிழந்ததற்கு, மண் சாந்தில் அடுக்கிய தடித்த கல் சுவர்களும் தலைக்கு மேலிருந்த கனமான கூரையும் பெரிய காரணம். அப்படிப்பட்ட சுவரை இடிக்காமலே பலப்படுத்தலாம். உள்பக்கக் கல்லும் வெளிப்பக்கக் கல்லும் தனித்தனியாகப் பிரிந்து சரியாதபடி, இடையிடையே ஒரு கல்லை உருவி, அந்த ஓட்டையில் கொக்கிக் கம்பி வைத்துக் கான்கிரீட் நிரப்பலாம். கதவு, ஜன்னல்களுக்கு மேலே உள்ள லிண்டல் மட்டத்தில் சுவரின் இருபுறமும் கம்பி வலைப் பட்டை பதித்து, ஒன்றோடொன்று இணைத்து, சிமென்ட் பூசினால் நான்கு சுவரும் சேர்ந்து நிற்கும். தங்கள் அலுவலகம் இதற்கான மாதிரி வரைபடங்களை வெளியிட்டு, "இதன்படி செய்கிறேன்" என்று வீட்டுக்காரர் தகவல் கொடுத்தால் போதும் என்று அறிவிக்கலாம்.

பள்ளிகளும் மருத்துவமனைகளும் எங்களைப் போல விண்ணப்பித்துக் காத்திருக்கக் கூடாது. 1933 மார்ச் 10 மாலை கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் பள்ளிக் கட்டடங்கள் வரிசையாக இடிந்தபோது, பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அதை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடாமல், பள்ளிக் கட்டுமானத்துக்கு அம்மாநிலம் ஒரே மாதத்தில் சட்டம் போட்டது. 2015-இல் நேபாள நிலநடுக்கத்தின்போது, காத்மாண்டுவில் முன்கூட்டியே வலுப்படுத்தியிருந்த பள்ளிகள் நின்றன. தங்கள் எல்லைக்குள் உள்ள பள்ளிகளை முதலில் ஒரு பார்வை பார்த்து, சந்தேகத்துக்குரியவற்றைப் பட்டியல் எடுங்கள். விரிவான சோதனை பிறகு நடக்கட்டும். தரைத்தளம் திறந்திருக்கிறதா, மாடி பின்னால் ஏற்றியதா, கைப்பிடிச் சுவர் ஆடுகிறதா என்பதைத் தெருவில் நின்றே குறித்துக்கொள்ளலாம்.

கடைக்காகத் தரைத்தளச் சுவரை இடிப்பவர்களையும், பழைய தூண்களின் மேல் இன்னொரு மாடி ஏற்றுபவர்களையும் பற்றித் தனியாக எழுத வேண்டும். அது இன்னொரு மனு.

எங்கள் வேலைக்கான பணம் வங்கியில் இருக்கிறது, பொறியாளர் தயாராக இருக்கிறார், அந்தத் தூணுக்குத் தற்காலிகமாக இரும்பு முட்டுக் கொடுத்திருக்கிறோம். தங்கள் அலுவலகத்தின் ஒரு கையெழுத்துதான் பாக்கி. நேரில் வந்து விளக்க அழைத்தால் எந்த நாளும் வருகிறோம்.

தூணின் புகைப்படங்கள், பொறியாளரின் வரைபடம், திரும்பி வந்த விண்ணப்பத்தின் நகல் ஆகியவற்றை இணைத்துள்ளோம். அந்த நகலில், 'இடிப்பு' என்ற கட்டத்துக்கு மேலே இருக்கும் காலி இடத்தில் பென்சிலால் ஒரு கட்டம் போட்டுக் காட்டியிருக்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர் மற்றும் 24 குடும்பத்தினர்