பீர்க் கைப்பம்பை இழுத்தவருக்கு நன்றி

இங்கிலாந்தின் யார்க் நகரப் பப் ஒன்றில், மதியம் கதவு திறந்ததும் எங்களுக்குக் கைப்பம்பால் ஏல் (ஒருவகை பீர்) ஊற்றிய பெண்மணிக்கு மனமார்ந்த நன்றி. இரவெல்லாம் குழாயில் தேங்கியதை முதலில் இழுத்துக் கொட்டிவிட்டுத்தான் கிளாஸை எடுத்தார். பல இடங்களில் இதைச் செய்வதில்லை. தேங்கிய ஏலில் சுவை செத்திருக்கும். இது காஸ்க் ஏல், அதாவது பீப்பாயிலேயே நொதித்து முதிரும் ஏல்; அதில் ஈஸ்ட் உயிரோடிருக்கும். நிலவறையில் 11–13 டிகிரி செல்சியஸில், பீப்பாயை அசைக்காமல் வைத்து, வண்டல் படிந்த பிறகே ஊற்ற வேண்டும். திறந்தபின் மூன்று நாளுக்குள் தீர்ந்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் காற்றுப்பட்டுப் புளித்துவிடும். வினிகர் வாடை அடித்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள், மாற்றித் தருவோம் என்றார். சமையலறை இரண்டரைக்கு மூடிவிடும், மேசை எண்ணைப் பார்த்துவந்து கவுண்டரிலேயே சொல்லிப் பணம் கட்டுங்கள் என்றும் அவரே சொன்னார். அதனால்தான் ஸ்டேக் அண்ட் ஏல் பை (ஏலில் வெந்த மாட்டிறைச்சியை மாவோடு சுட்டது) சூடாகக் கிடைத்தது.