137 என்று விழும் கன்டெய்னர்: எல்லோரும் ஒருமுறை பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. கொழிஞ்சாம்பாறை பால் கணக்கு கிளையன்ட் (கன்டெய்னர் என்ற தனிப்பெட்டிக்குள் ஓடும் ஜாவா புரோகிராம்) மூன்று நாளாக விடியற்காலையில், கேன்கள் வரிசையில் நிற்கும் நேரத்தில் விழுந்தது. எக்ஸிட் கோட், அதாவது புரோகிராம் முடியும்போது விட்டுச்செல்லும் எண், 137: கட்டாயமாக நிறுத்தப்பட்டது என்று அர்த்தம். அதை மட்டும் வைத்து மெமரிதான் என்று முடிவு கட்டாதீர்கள். கன்டெய்னரின் நிலையைக் காட்டும் டாக்கர் இன்ஸ்பெக்டில் 'ஓஓஎம்கில்டு' (மெமரி போதாமல் நிறுத்தப்பட்டது) ட்ரூ என்று இருக்கிறதா பாருங்கள். எங்களுக்கு இருந்தது.

ஹீப் (ஜாவா தன் ஆப்ஜெக்ட்களை வைக்கும் மெமரி) கிராஃப் ஏறவே இல்லை. அதை நம்பி இரண்டு நாள் போயிற்று. அப்புறம் ஜேஸ்டாக் (த்ரெட்கள், அதாவது புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைகளின் பட்டியல்) எடுத்தால் 'எச்டிடிபிகிளையன்ட்-412-செலக்டர்மேனேஜர்' என்று வரிவரியாக நிற்கிறது! சர்வருக்குப் போகும் ஒவ்வொரு அழைப்புக்கும் புது எச்டிடிபிகிளையன்ட் உருவாக்கியிருக்கிறோம். ஜாவா 11 முதல் வரும் எச்டிடிபிகிளையன்ட் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு த்ரெட் வைத்துக்கொள்ளும். த்ரெட்டின் ஸ்டாக் (அதன் சொந்த மெமரி) ஹீப் கணக்கில் வராது, கன்டெய்னர் கணக்கில் வரும். ஒரே எச்டிடிபிகிளையன்டைப் பொதுவில் வைத்தோம், விழுவது நின்றுவிட்டது.

கன்டெய்னரின் மெமரி வரம்பு 512 எம்பி என்றால் ஹீப்புக்கே 90 சதவீதம் கொடுத்துவிடாதீர்கள், த்ரெட் ஸ்டாக் போன்ற மற்றதற்கு இடம் வேண்டும்.

வாளையாறு, சித்தூர் பக்கம் இதே புரோகிராமை ஓட்டுபவர்கள் சனிக்கிழமைக்குள் ஜேஸ்டாக் எடுத்து இங்கே போடுங்கள். பாஸ்வேர்ட், டோக்கன் எதுவும் அதில் இல்லையென்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.