மறியலுக்குப் பிறகு உள்ள வேலை

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை வந்தால் சேலம் மாவட்டத்தில் எங்காவது காலிக்குடங்களோடு மறியல் நடக்கும். அதிகாரி வந்து பேசுவார், மாலையில் லாரித் தண்ணீர் வரும். அடுத்த கோடையிலும் அதே இடம், அதே குடங்கள். மறியல் தப்பு என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு உள்ள எழுத்து வேலையை நம் பிள்ளைகளுக்கு யாரும் கற்றுத் தருவதில்லை என்பதே எங்கள் குறை.

அந்த வேலைக்கு இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டம். "குடிநீர் வசதி செய்து தர வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாகத் தீர்மானம் போட்டால் யாருக்கும் அதில் வேலை இல்லை. "2-வது வார்டு மேட்டுத்தெரு மேல்நிலைத் தொட்டிக்குப் பள்ளிக்கூடத்து ஆழ்துளைக் கிணற்றிலிருந்து 300 மீட்டர் குழாய் பதிக்க மதிப்பீடு தயாரித்து அடுத்த கிராம சபையில் வைக்க வேண்டும்" என்று எழுதினால் பதில் சொல்ல ஒருவர் இருந்தே ஆகவேண்டும்.

கோளாறு பெரும்பாலும் கையெழுத்தில்தான். கூட்டம் தொடங்கும்போதே வெற்றுத்தாளில் வாங்கிவிட்டுத் தீர்மானத்தைப் பிறகு நிரப்பும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. தீர்மானத்தை எழுதி, உரக்க வாசித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். கீழே மிஞ்சும் இடத்தில் கோடு அடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு வரவேண்டிய ஆள் கணக்கும் முக்கியம்: ஊரின் மக்கள்தொகை 500 வரை என்றால் குறைந்தது 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300.

ஏற்காட்டில் நவம்பர் 1 காப்பிப் பழம் பறிப்பு தொடங்கும் சமயம். அன்றைய கூலியை விட்டுவிட்டு எந்தப் பெண் வருவார்? பெரிய தீர்மானங்களை விடுமுறை நாளான அக்டோபர் 2-க்கே கொண்டுபோவது நல்லது. மலையாளி என்ற பழங்குடி மக்களின் வன உரிமைக் கோரிக்கை என்றால் கணக்கே வேறு. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் விதிகளின்படி கிராம சபை உறுப்பினர்களில் பாதிப்பேர் வந்திருக்கவேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்கவேண்டும். மனுவோடு இரண்டு வகைச் சான்றாவது வேண்டும். ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் ஒரு சான்றுதான். பலருக்கு இது தெரியாது.

அடுத்த சபைக்குள் அசைவில்லை என்றால் தகவல் உரிமை மனு. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகையோடு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் தட்டிக்கழிப்பார்கள். "தீர்மானத்தின் மீது எடுத்த நடவடிக்கைக் கோப்பின் நகல்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டுத்தான் பாதிப்பேர் ஓய்ந்துபோகிறார்கள். கோப்பு ஒருவர் வீட்டில் மட்டும் இருப்பதும் ஆபத்து. அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போனால் கதை முடிந்தது.

கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஏழு நாள் நடக்கிறது. கோயில் வளாகத்தைக் கூட்டிப் பெருக்குவதில் இரண்டு நாளைக் குறைத்து, அந்தந்த ஊரின் தீர்மானப் பதிவேட்டை மாணவர்கள் படித்துப் பார்க்கப் பெரியார் பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்யவேண்டும்.

கிராம சபைப் பயிற்றுநர்கள்,
சேலம்.