ஓயாமா சுதெமாட்சுவின் வாழ்க்கையைத் தமிழில் அச்சிடக் கைகொடுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

எந்தச் செவிலியர் பயிற்சிப் பள்ளிக்குப் போனாலும் சுவரில் விளக்கேந்திய நைட்டிங்கேல் அம்மையாரின் படம் இருக்கும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு பெண்ணின் படமும் தொங்க வேண்டும் என்பது எங்கள் வெகுநாள் ஆசை. அவர் பெயர் ஓயாமா சுதெமாட்சு. ஜப்பானின் பிரபு குலத்தைச் சேர்ந்தவர். அந்த நாட்டின் முதல் செவிலியர் பள்ளி தொடங்கப் பணம் திரட்டிக் கொடுத்தவர். அவருடைய வாழ்க்கையைத் தமிழில் எழுதி முடித்துவிட்டோம். அச்சுக்குத்தான் பணம் போதவில்லை. அதைக் கேட்கவே இந்தக் கடிதம்.

நாங்கள் ஒன்பது பேர். ஐந்து பேர் ஓய்வுபெற்ற செவிலியர்கள், மூன்று பேர் பள்ளி ஆசிரியர்கள், ஒருவர் ஜப்பானில் சில ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியவர். அவர்தான் சுதெமாட்சுவைப் பற்றி எங்களுக்கு முதலில் சொன்னார். கேட்ட அன்று இரவு எங்களில் பலருக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், அந்த வாழ்க்கை தொடங்கிய இடம்.

1860-இல் அய்சு என்ற மலைநாட்டுப் பகுதியில், யமகாவா என்ற உயர்ந்த சாமுராய் குடும்பத்தில் அவர் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் சகிகோ. 1868-இல் உள்நாட்டுப் போர் அய்சுவின் கோட்டை வாசலுக்கே வந்துவிட்டது. ஏறக்குறைய ஒரு மாதம் முற்றுகை. உள்ளே இருந்த பெண்களும் குழந்தைகளும் சோறு வடித்தார்கள், காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். பீரங்கிக் குண்டு வந்து விழுந்தால், அது வெடிப்பதற்குள் நனைத்த மெத்தையைப் போட்டு அமுக்க ஓடினார்கள். எட்டு வயது சகிகோவும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். சிதறிய குண்டுத்துண்டு அவள் கழுத்தில் காயம் உண்டாக்கியது. அவளுடைய அண்ணி அதே முற்றுகையில் காயம்பட்டு, வலியால் துடித்துத்தான் செத்தார். எங்கள் குழுவில் முப்பது ஆண்டுகள் தீக்காயப் பிரிவில் பணிசெய்த அக்கா ஒருவர் இருக்கிறார். இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, "பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான் முடிந்திருக்கும், பாவம்" என்றார். பின்னாளில் சுதெமாட்சு செய்த ஒவ்வொரு காரியத்துக்கும் வேர் அந்தக் கோட்டையில்தான் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம்.

அய்சு தோற்றது. குடும்பம் வடக்கே குளிர் மண்ணுக்கு விரட்டப்பட்டது, பசி வாட்டியது. 1871-இல் புதிய அரசாங்கம் ஐந்து சிறுமிகளைப் பத்து ஆண்டுப் படிப்புக்கு அமெரிக்கா அனுப்பியபோது, பதினொரு வயதில் அவளும் கப்பலேறினாள். அனுப்பி வைக்கும்போது தாய் அவளுக்குப் புதுப் பெயர் வைத்தார்: சுதெமாட்சு. 'சுதெ' என்றால் விட்டுவிடுதல். 'மாட்சு' என்ற ஒலி காத்திருப்பதையும் குறிக்கும். உன்னைக் கைவிட்டேன் என்று மனத்தைக் கல்லாக்கிக்கொள்கிறேன், ஆனாலும் காத்திருப்பேன் என்று மகளின் பெயரிலேயே எழுதி அனுப்பிய தாய் அவர்.

நியூ ஹேவன் நகரில், அடிமை முறையை எதிர்த்து நின்ற லெனர்ட் பேக்கன் என்ற பாதிரியார் வீட்டில் அவர் வளர்ந்தார். பேக்கனின் மகள் ஆலிஸ் அவருக்கு உயிர்த்தோழி ஆனார். வாஸர் கல்லூரியில் 1882-இல் பட்டம் பெற்றார். கல்லூரிப் பட்டம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண் அவர்தான். எங்களுக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அந்தக் கோடையில் அவர் செய்தது. ஊர் திரும்புவதற்கு முன் நியூ ஹேவன் மருத்துவமனையோடு சேர்ந்த செவிலியர் பள்ளிக்குப் போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

ஊர் திரும்பியவருக்குத் தாய்மொழியை எழுதப் படிக்கவே மறந்து போயிருந்தது. அரசாங்கத்தில் வேலையும் அமையவில்லை. அப்போதுதான் தரைப்படை அமைச்சர் ஓயாமா இவாவோ பெண் கேட்டு வந்தார். மனைவியை இழந்தவர், மூன்று பெண் குழந்தைகளின் தகப்பன். அதைவிடப் பெரிய சங்கடம் வேறு. 1868-இல் அய்சு கோட்டையைச் சூழ்ந்த சட்சுமா படையில் அவர் பீரங்கி அதிகாரியாக இருந்தவர்! யமகாவா குடும்பம் கொதித்துப்போனது. சுதெமாட்சு மட்டும், ஆளைப் பார்த்துப் பேசிய பிறகுதான் பதில் சொல்வேன் என்றார். பார்த்தார், பேசினார், 1883 நவம்பரில் கைப்பிடித்தார். அடுத்த ஆண்டே கணவருக்குப் பிரபு பட்டம் வந்தது. அவரும் சீமாட்டி ஆனார்.

அந்தப் பட்டம் வருவதற்குச் சில வாரங்கள் முன்பு நடந்ததுதான் இந்தக் கடிதத்தை எழுதும் துணிவை எங்களுக்குக் கொடுத்தது.

தோக்கியோவில் தகாகி கனெஹிரோ என்ற மருத்துவர் ஏழைகளுக்காக ஒரு மருத்துவமனை நடத்தி வந்தார். அங்கே போன சுதெமாட்சு, நோயாளிகளைக் கவனிப்பதற்குப் பயிற்சி பெற்ற பெண்கள் ஒருவர்கூட இல்லாததைப் பார்த்தார். ஒரு பள்ளி தொடங்கலாமே என்று கேட்டார். பணமில்லை என்றார் மருத்துவர். சரி, பணத்தை நான் கொண்டுவருகிறேன் என்று கிளம்பிவிட்டார் சுதெமாட்சு. காசைக் கையால் தொடுவதையே இழிவாக நினைத்த குலம் அது. அந்தக் குலத்துப் பெண்களையும் அமைச்சர்களின் மனைவிகளையும் சேர்த்து, கைவேலைப் பொருள்கள் செய்ய வைத்து, 1884 ஜூனில் ரொகுமெய்கான் என்ற ஆடம்பர மாளிகையில் மூன்று நாள் விற்பனைச் சந்தை நடத்தினார். வெளிநாட்டு விருந்தினருக்கு அரசாங்கம் விருந்தும் நடனமும் நடத்துவதற்காகக் கட்டிய மாளிகை அது. அங்கே கடை விரித்து, விலை சொல்லி, காசு வாங்கிச் சில்லறை கொடுத்தார்கள் சீமாட்டிகள். ஜப்பானில் நடந்த முதல் தரும விற்பனை அதுவே. 1000 யென் தேறினால் போதும் என்றிருந்தவர்களுக்கு 8000 யென் அளவுக்குச் சேர்ந்தது. முழுப் பணத்தையும் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு, 1885-இல், அங்கே ஜப்பானின் முதல் செவிலியர் பயிற்சிப் பள்ளி திறந்தது. இன்றைக்கு ஜிகெய் பல்கலைக்கழக மருத்துவமனை என்ற பெயரில் அதே நிறுவனம் இயங்குகிறது.

அப்புறம் அவர் ஓயவே இல்லை. 1886-இல், அவர் கணவர் தரைப்படை அமைச்சராக இருந்தபோதே, போரில் காயம்பட்டவர்களைக் காக்கும் ஜெனீவா உடன்படிக்கையில் ஜப்பான் சேர்ந்தது. மறு ஆண்டு செஞ்சிலுவைச் சங்கம் அங்கே அந்தப் பெயரில் உருவானபோது, பிரபு குலப் பெண்களுக்கான தன்னார்வச் செவிலியர் அமைப்பில் முன்நின்றார். சீமாட்டிகளே கட்டுப்போடக் கற்றுக்கொண்டால், கீழான வேலை என்று ஒதுக்கப்பட்ட செவிலியர் பணிக்கு மரியாதை வரும் என்று அவர் நம்பினார். ருஷ்யப் போர் நடந்த 1904-05-இல் கணவர் மஞ்சூரியாவில் படைத்தலைவர். இவர் தோக்கியோவில் செஞ்சிலுவைச் சங்கத்தில் உட்கார்ந்து கட்டுத்துணி சுருட்டினார். காயம்பட்டவர்களுக்காகவும், ஆளை இழந்த குடும்பங்களுக்காகவும் அமெரிக்கத் தோழிகளிடம் கடிதம் எழுதிப் பணம் கேட்டார். ஆலிஸ் அங்கே திரட்டி அனுப்பினார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சுதெமாட்சு போரை எதிர்த்தவர் அல்லர். தம் நாட்டுப் படையின் வெற்றியை விரும்பியவர். எங்கள் நூலில் அதற்கும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. அவர் பட்ட அவதூறுக்கும் இடம் கொடுத்திருக்கிறோம். மூத்தாள் மகள் ஒருத்தி காசநோயில் விழுந்தபோது வீட்டு வளாகத்திலேயே தனி வீடு கட்டி வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பெண்ணின் கதையை வைத்து வந்த ஒரு புகழ்பெற்ற நாவல், மாற்றாந்தாயைக் கொடுமைக்காரியாகக் காட்டிவிட்டது. ஊரும் அதையே நம்பியது. செவிலியராக இருந்த எங்களுக்கு இந்தப் பகுதியைக் கண் கலங்காமல் எழுத முடியவில்லை. 1908-இல் கப்பல் வெடிவிபத்தில் மகன் தகாஷியும் போய்ச் சேர்ந்தான்.

1919 பிப்ரவரியில், உலகத்தை உலுக்கிய விஷக்காய்ச்சலில் தம் 58-ஆம் வயதில் இறந்தார். அப்போதும் அலைச்சலில்தான் இருந்தார். அமெரிக்கா போன ஐவரில் கடைக்குட்டியான சுதா உமெ நடத்திய பெண்கள் கல்லூரிக்கு, உமெ நோய்வாய்ப்பட்டதால், புதிய தலைவரைத் தேடிக்கொண்டிருந்தார்.

இனி எங்கள் தேவை. 160 பக்கம், படங்களுடன், 1000 பிரதிகள். ஒரு பிரதி அச்சிட்டுக் கட்டி முடிக்க 150 ரூபாய், ஆக 1,50,000. பக்க வடிவமைப்பு, படங்கள் ஆகியவற்றுக்கு 25,000. அஞ்சல் செலவு 25,000. மொத்தம் 2,00,000 ரூபாய். எங்கள் கையிலிருந்து 70,000 போட்டுவிட்டோம், மீதி 1,30,000 வேண்டும். எழுதியவர்களோ மெய்ப்புப் பார்த்தவர்களோ ஒரு ரூபாயும் வாங்கவில்லை. புத்தகம் விற்பனைக்கு வராது. செவிலியர் கல்லூரி நூலகங்களுக்கும், படிக்கும் பிள்ளைகளுக்கும் இலவசமாகவே போகும். 150 ரூபாய் கொடுத்தால் ஒரு மாணவி கையில் ஒரு பிரதி. அதற்குக் குறைவாக முடிந்தாலும் தயங்காமல் கொடுங்கள், பத்து ரூபாய்க்கும் ரசீது உண்டு. உங்கள் வீட்டில் யாராவது செவிலியராக இருந்திருந்தால் அவர் பெயரில் கொடுக்கலாம். நூலின் கடைசிப் பக்கங்களில் அந்தப் பெயர்களை அச்சிடுவோம்.

இந்தக் கடிதத்தை உங்களிடம் கொடுத்தவரிடமே பணத்தைத் தரலாம், கையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அச்சு முடிந்ததும் வரவு செலவுக் கணக்கை ரூபாய் பைசாவோடு எழுதி, கொடுத்த ஒவ்வொருவருக்கும் அனுப்பிவைப்போம். மே 12, உலகச் செவிலியர் நாளுக்குள் புத்தகம் கட்டி முடிய வேண்டுமானால் மார்ச் கடைசிக்குள் காகிதம் வாங்கியாக வேண்டும்.

அன்புடன்,
நூல் வெளியீட்டுக் குழுவினர்