முடிச்சு சந்திப்பில் இருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

நெரிசல் என்றதும் சாலையை அகலப்படுத்தத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் வண்டிகள் பெரும்பாலும் தேங்குவது நெடுஞ்சாலைகள் சந்திக்கும் பழைய மேம்பாலங்களில். அதைச் சரிசெய்யாமல் ஆறு வழியை எட்டு வழி ஆக்கி என்ன பயன்?

நான்கு மூலைகளிலும் சுற்றி ஏறி இறங்கும் வளைவுகள் கொண்ட, க்ளோவர் இலை வடிவ மேம்பாலத்தையே பாருங்கள். ஒரு வளைவிலிருந்து ஏறிவரும் லாரி வேகம் பிடிப்பதற்குள், அடுத்த வளைவில் இறங்க வேண்டிய கார் அதன் குறுக்கே ஒதுங்குகிறது. இரண்டுக்கும் இருப்பது ஒரே குட்டையான துண்டுச் சாலைதான். ஒருவர் பிரேக் போட்டால் பின்னால் வரிசையே நின்றுவிடுகிறது. அமெரிக்காவின் நியூஜெர்சியில் 1929-இல் இந்த வடிவம் வந்தபோது இருந்த வண்டிகளுக்கு அது சரி. இன்றைக்குப் போதாது.

ஏறுவோர், இறங்குவோருக்குத் தனி இணைப்புச் சாலை போடலாம். வண்டிகள் அதிகம் திரும்பும் திசையில் மட்டும் வளைவை எடுத்துவிட்டு நேரடிப் பாலம் கட்டலாம். எல்லாவற்றையும் இடிக்க வேண்டியதில்லை. 2009-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டில், இருந்த பாலத்தை வைத்துக்கொண்டே, அதன் மேல் இரு திசை வண்டிகளும் ஓடும் பக்கங்களை இடம் வலமாக மாற்றி அமைத்தார்கள்.

அகலப்படுத்த நிதி ஒதுக்கும் முன், ஒவ்வொரு சந்திப்பிலும் எந்தத் திசைக்கு எத்தனை வண்டிகள் திரும்புகின்றன என்று அதிகாரிகள் முதலில் எண்ணட்டும். அப்புறம், நடந்து கடப்பவர்களுக்கும் அந்த வரைபடத்திலேயே வழி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்