கொரியப் போர்க் கண்காட்சிக்குக் கை கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். கொரியப் போருக்கு இந்தியா அனுப்பிய ராணுவ மருத்துவப் பிரிவான 60ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் பற்றி நம் குடியிருப்பு நூலகத்தில் வைத்த கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. அன்றைக்குத் தனித்தனியாக நன்றி சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே.

முதலில் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஐயாவுக்கு. 1950 டிசம்பரில் சீனப்படை நெருங்கி, ஐ.நா. படைகள் எல்லாம் வடகொரியத் தலைநகர் பியோங்யாங்கை விட்டுப் பின்வாங்கியபோது, மருத்துவக் கருவிகளை விட்டுவர மனமில்லாத நம் ஆட்கள் ஒரு நீராவி எஞ்சினைத் தேடிப்பிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் நிரப்பி, தாங்களே ஓட்டிக்கொண்டு தெற்கே வந்தார்கள் என்று பலகையில் இரண்டு வரிதான் எழுதியிருந்தேன். ஐயா அதைப் படித்துவிட்டு, ஆறிக்கிடக்கும் கொதிகலனில் நீராவி ஏறவே பல மணி நேரமாகும், அதுவும் அந்தக் குளிரில், எதிரி பின்னால் வர வர என்று பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கினார், அப்புறம் கூட்டம் அங்கிருந்து நகரவே இல்லை.

இந்தியா சண்டைப்படை அனுப்பவில்லையே, வைத்தியம் பார்க்கப் போனவர்களுக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்ட பெரியவருக்கும் நன்றி, நிஜமாகத்தான். அந்தக் கேள்வியால்தான் கொரியாவில் உள்ள முன்சான் என்ற ஊரைப் பற்றிய பலகையை நடுவில் கொண்டுவந்து வைத்தோம். 1951 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் 187ஆவது வான்வழிப் படைப்பிரிவு அங்கே பாராசூட்டில் குதித்தபோது நம் மருத்துவக் குழுவும் கூடவே குதித்து, இறங்கிய இடத்திலேயே காயம்பட்ட அமெரிக்க வீரர்களுக்குச் சிகிச்சை செய்தது. மற்ற நாட்களில் இதே பிரிவின் ஆட்கள் பிரிட்டிஷ் காமன்வெல்த் பிரிகேடுடன் இருந்தார்கள். நம் மருத்துவப் பிரிவின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், மகாவீர் சக்ரா பெற்றவர். அந்தக் கல்லூரியின் மாணவிகள் இருவர் இதைக் கேட்டுவிட்டு, எங்களுக்கே தெரியாதே அங்கிள் என்றார்கள். எனக்கும் ரொம்ப நாள் தெரியாது.

ஒரகடத்தில் வேலை பார்க்கும் கொரிய நண்பருக்குத் தனி நன்றி. 2020 ஜூலையில் தென்கொரிய அரசு ரங்கராஜைக் கொரியப் போர் நாயகராகச் சிறப்பித்த செய்தியைக் கொரிய மொழியிலிருந்து வாசித்துச் சொன்னது அவர்தான், சுக்குக் காப்பி மூன்று டம்ளர் குடித்ததும் அவர்தான்.

நாற்காலி தந்த கல்யாண மண்டபத்துக்காரர், ஃபிளெக்ஸை அசல் விலைக்கே அடித்துத் தந்த தம்பி, எல்லோருக்கும் நன்றி. பலகைகள் இன்னும் இரண்டு வாரம் நூலகத்தில் இருக்கும். பள்ளிக்கு வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொண்டு போங்கள், முன்சான் வரைபடத்தை மட்டும் மடக்காமல் சுருட்டி எடுங்கள்.