அந்த 17 வாரம்

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பா மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டப் போயிருக்கிறார். “கிணத்துத் தண்ணி மட்டத்துப் படம் சரியா வந்துச்சாம்மா?” என்று போன வாரம் போனில் கேட்டாய். வந்தது. ஆனால் போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அப்பாரு வெள்ளிதோறும் கிணற்றை அளந்து எழுதிய நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டிய விஷயம் இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நோம்பிக்கு வந்தபோது நீ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பைத்தான் நிரலில் ஒரு வரியை எடுத்துவிட்டேன். விட்டுப்போன இடத்தைக் கணக்குப் போட்டு நிரப்ப இன்டர்போலேட் என்று போட்டிருந்தாயே, அதுதான். எடுத்தபின் அப்பாரு கிணற்றுக் கோடு 1996இல் அறுந்து நிற்கிறது. ஜூலை 5, வெள்ளிக்கிழமை, தண்ணீர் 58 அடி ஆழத்தில். அடுத்த புள்ளி நவம்பர் 8, 31 அடி. நடுவே 17 வெள்ளிக்கிழமைகள் காலி. அந்த இரண்டு புள்ளிகளையும் நீ நேர்கோட்டால் சேர்த்திருந்தாய்.

உனக்கு அப்போது ஆறு வயது, நினைவிருக்காது. அப்பத்தாவைக் கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அப்பாரு கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக்கொண்டு கூடவே இருந்துவிட்டார். அப்பா வாரத்தில் நான்கு நாள் அங்கே, மூன்று நாள் தோட்டத்தில். நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்து உங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டேன். கிணற்றில் கயிறு இறக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நோம்பி நெருங்கும்போதுதான் அப்பாரு சாளைக்குத் திரும்பினார். வந்த வெள்ளிக்கிழமையே கயிற்றை எடுத்துக்கொண்டு போனார். நோட்டில் அந்த நாளுக்கு நேராக “31. வந்து சேந்தோம்” என்று மட்டும் இருக்கிறது. விட்டுப்போன வாரங்களுக்கு அவர் ஒரு எண்ணைக்கூடக் குத்துமதிப்பாக எழுதவில்லை, கண்ணு. எழுதியிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

நீ போட்ட நேர்கோடு என்ன சொல்கிறது என்று யோசித்துப் பார். ஜூலை இரண்டாம் வாரத்திலேயே தண்ணீர் ஏறத் தொடங்கி, வாரத்துக்கு ஒன்றரை அடி வீதம் ஒரே சீராக ஏறியதாம். கீழ்பவானி வாய்க்காலில் வழக்கமாக ஆகஸ்ட் 15 வாக்கில்தான் தண்ணீர் விடுவார்கள். மற்ற வருசங்களைப் பார், திறந்து மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் நம் கிணறு அசையும், அப்புறம் மளமளவென்று ஏறும். அந்த ஏற்றம் எப்போது தொடங்குகிறது என்பதைக் காட்டத்தானே இந்தப் படத்தையே போடுகிறோம்? நேர்கோடு சரியாக அந்த இடத்தைத்தான் அழித்துவிட்டது. வாய்க்கால் பற்றிப் பேசும் சபையில் ஒருவர் எழுந்து, “வாய்க்கால் திறக்காமலே உங்க கிணறு ஏறியிருக்குதே” என்று கேட்டால் நாம் என்ன சொல்வது?

வரியை எடுத்தால் மட்டும் போதாது என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. அந்த வாரங்களுக்குத் தாளில் வரிசையே இல்லை என்றால், படம் வரைகிற மேட்பிளாட்லிப் தன் பாட்டுக்கு அடுத்த புள்ளி வரை கோடு இழுத்துவிடும். வெள்ளிதோறும் ஒரு வரிசை இருந்து, மதிப்பு மட்டும் காலியாக, அதாவது என்ஏஎன் ஆக இருந்தால்தான் கோடு அங்கே அறுபடும். நீ ஏற்கெனவே வாரவாரியாக வரிசை போட்டு வைத்திருந்ததால் எனக்கு வேலை மிச்சம்.

இதே இன்டர்போலேட் வரி இன்னொரு இடத்திலும் கெடுதல் செய்திருந்தது. அதைக் கண்டுபிடித்தது வேறு ஒரு தொல்லையால். நீ போனபின் மீதி நோட்டுகளையும் தட்டச்சு செய்து சேர்த்தேன். 1984 முதல் 2006 வரை ஆயிரத்துக்கு மேல் வரிகள். படம் போட்டால் ஒய் அச்சு பைத்தியம் பிடித்த மாதிரி வந்தது. அடியில் 41, அதற்கு மேல் 38, அதற்கு மேல் 44.5, அப்புறம் 40. எண்கள் ஏறுவரிசையில் இல்லை, ஆனால் சம இடைவெளியில் நிற்கின்றன. அச்சின் இடப்பக்கம் முழுக்கக் கறுப்பாக ஒன்றன்மேல் ஒன்று. முப்பது வருசம் பிள்ளைகளுக்கு வரைபடத்தாளில் அளவுத்திட்டம் எழுதச் சொல்லிக் கொடுத்தவள் நான், இப்படி ஓர் அச்சைப் பார்த்ததில்லை.

காரணம் ஒரே ஒரு சொல். 2003 கோடையில் அப்பாரு 9 வாரம் எண் எழுதவில்லை, “வறண்டது” என்று எழுதியிருக்கிறார். அட்டவணையில் அடி என்ற பத்தியில் ஒரு சொல் கலந்ததும், அட்டவணையைப் படிக்கிற பாண்டாஸ் மொத்தப் பத்தியையும் எழுத்தாக எடுத்துக்கொண்டது. எழுத்து வந்தால் மேட்பிளாட்லிப்புக்கு அவை அளவுகள் இல்லை, பெயர்கள். வாழை, மஞ்சள், கரும்பு என்று வகை பிரிப்பது போல, வந்த வரிசையில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் கொடுத்து அடுக்கிவிடும். அச்சு தாறுமாறாக வந்தால் முதலில் பத்தியின் வகையைப் பார்க்க வேண்டும் என்று இப்போது எனக்குப் பழகிவிட்டது.

எண்ணாக மாற்ற டூநியூமெரிக் இருக்கிறது, எண் ஆகாதவற்றை கோயர்ஸ் என்று கொடுத்தால் காலியாக்கிவிடும். படம் உடனே சரியாகிவிட்டது. எனக்குத்தான் சரியாகப் படவில்லை. “வறண்டது” காலியாகிவிட்டது, இன்டர்போலேட் அந்தக் காலியையும் நிரப்பிவிட்டது. 2003இல் கிணறு வற்றவே இல்லை, 70 அடியில் தண்ணீர் இருந்தது என்று படம் சொல்கிறது. அந்த வருசம் மாடு இரண்டையும் விற்றோம், கண்ணு. குடிக்கத் தண்ணீர் வண்டியில் வந்தது. அளக்காமல் விட்டதும் அளந்து தண்ணீர் இல்லாமல் போனதும் கணினிக்கு ஒரே காலிக் கட்டம். நமக்கு ஒன்றாகுமா? அதனால் எண்ணாக மாற்றுவதற்கு முன்பே “வறண்டது” உள்ள வாரங்களை வேறு பத்தியில் எடுத்து வைத்தேன். கிணற்றின் அடி 72. அந்த வாரங்களுக்கு 72இல் கீழ்நோக்கிய முக்கோணக் குறி வைத்தேன். 1996க்கு ஒரு குறியும் இல்லை, வெறும் வெள்ளை.

இதில் ஒரு சின்ன விஷயம். அந்த 9 வாரத்துக்கு நடுவில் ஒரு மழை பெய்து, ஒரே ஒரு வெள்ளி 70 அடி என்று எழுதியிருக்கிறார். படத்தில் அது வரவேயில்லை. இரண்டு பக்கமும் காலியாக இருந்தால் தனிப் புள்ளிக்குக் கோடு கிடையாது, கோடு இழுக்க இன்னொரு புள்ளி வேண்டுமே! மார்க்கர் கொடுத்து எல்லா அளவுக்கும் சின்ன வட்டம் வைத்தபின் அந்த வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. இனி கோட்டோடு வட்டமும் இருக்கட்டும், எது அளந்தது என்று பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

தேதியிலும் ஒரு கோளாறு. 05/11/1999 என்று நவம்பர் 5ஐ எழுதினால், உன் மடிக்கணினியில் உள்ள பழைய பாண்டாஸ் அதை மே 11 என்று படிக்கிறது. 12க்கு மேற்பட்ட நாள் வந்தால் 13ஆம் மாதம் கிடையாதே, அங்கே மட்டும் சரியாகப் படித்துக்கொள்கிறது. பாதி சரி, பாதி தப்பு. கோடு முன்னும் பின்னும் ஓடி, சென்னிமலைத் தறியில் நூல் சிக்கிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. நாள் முதலில் என்று டேஃபர்ஸ்ட் கொடுத்ததும் பிரிந்தது. 2023இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து முதல் தேதியின் வடிவத்தையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டு, பொருந்தாவிட்டால் நின்றுவிடுகிறதாம். அதுவே நல்லது. நான் வேறு ஒரு சோதனையும் செய்தேன். அப்பாரு அளந்தது வெள்ளிக்கிழமைகளில் மட்டும். எல்லாத் தேதிக்கும் கிழமை கேட்டேன். திருத்தியபின் எல்லாம் வெள்ளி. அப்போதுதான் மனசு நிம்மதியானது.

ஒய் அச்சைத் தலைகீழாக்கினேன், மேலே 0, கீழே 72. நீ போட்டதில் தண்ணீர் இறங்க இறங்கக் கோடு மேலே ஏறியது. உங்கப்பா பார்த்ததும், “தண்ணி இப்ப ஏறுதா எறங்குதா?” என்றார். அவர் கேட்டது நியாயம். கிணற்று மேட்டில் நின்று எட்டிப் பார்ப்பது போல இருக்க வேண்டும். அப்பாரு கயிறு உனக்கு நினைவிருக்குமே, அடிக்கு ஒரு முடிச்சு, ஐந்து அடிக்கு ஒரு சிவப்புத் துணி, நுனியில் பழைய ஏர்க்கொழு. அது தண்ணீரைத் தொட்டுச் ‘சளக்’ என்றதும் கயிற்றைப் பிடித்துக்கொள்வார். இப்போது கோடு அந்தக் கொழு இறங்கிய மாதிரியே இறங்குகிறது.

எழுத்துக்குத்தான் இரண்டு நாள் போயிற்று. தலைப்பும் அச்சுப் பெயர்களும் தமிழில்தான் வேண்டும், பார்க்கப் போகிறவர்கள் நம் ஊர்க்காரர்கள். முதலில் எல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. அதில் வழக்கமாக இருக்கும் டேஜாவூ சான்ஸ் எழுத்துருவில் தமிழ் இல்லை. நிர்மலா எழுத்துருவைக் கொடுத்தேன், கட்டம் போய் எழுத்து வந்தது. ஆனால் ‘மழை’யைப் பார்த்தால் ழ முன்னால் நிற்கிறது, இணைக்கொம்பு அதற்குப் பின்னால் தனியாக நிற்கிறது. ‘வெள்ளி’யில் கொம்பு வ-வைத் தாண்டிப் போய்விட்டது. கணினி எழுத்தை முதலிலும் கொம்பைப் பிறகும்தான் சேமிக்கிறது, வரையும்போது யாராவது கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டும். நம்மிடம் உள்ள பதிப்பு அதைச் செய்வதில்லை. படத்தை எஸ்விஜி ஆகச் சேமித்து, அதில் ‘ஃபான்ட்டைப்’ என்ற எழுத்துரு அமைப்பை ‘நன்’ (எதுவும் வேண்டாம்) என்று வைத்தேன். அப்படிச் செய்தால் எழுத்தைக் கோடாக வரையாமல் எழுத்தாகவே விட்டுவிடும். அதை உலாவியில் திறந்தால் கொம்பெல்லாம் தன் இடத்துக்கு வந்துவிடுகிறது. அங்கிருந்து அச்சுக்குக் கொடுத்தேன்.

மற்றவை சில்லறை. படத்தைத் திரையில் காட்டும் ஷோவுக்குப் பின்னால், சேமிக்கும் சேவ்ஃபிக்கைப் போட்டதால் ஒருமுறை கடையில் வெறும் வெள்ளைத் தாள் வந்தது, இப்போது சேமிப்பதை முன்னால் வைத்துவிட்டேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடிய நாட்களை நீலமாகத் தீட்டியிருந்தாய், ஜெராக்ஸில் அது தெரியவில்லை, சாய்கோடு போட்டுவிட்டேன். அணை மட்டத்தை வலப்பக்கம் இரண்டாவது அச்சாக வைத்திருந்தாயே, அதைக் கீழே தனிப் படமாக இறக்கிவிட்டேன். தேதி அச்சு மட்டும் இரண்டுக்கும் பொது. இரண்டு அளவை ஒரே கட்டத்துக்குள் போட்டால், அளவுத்திட்டத்தை இழுத்துச் சுருக்கி எந்தக் கோட்டையும் எந்தக் கோட்டோடும் ஒட்ட வைத்துவிடலாம்.

இந்த மேட்பிளாட்லிப்பை முதலில் எழுதிய ஜான் ஹன்டரைப் பற்றிப் படித்தேன். நரம்பியல் ஆய்வாளர், வலிப்பு நோயாளிகளின் மூளையில் பதிவு செய்த மின்னலைகளைப் பார்க்கத்தான் இதைத் தொடங்கியிருக்கிறார். 2003இல் வெளியிட்டிருக்கிறார். 2012இல் 44 வயதிலேயே இறந்துவிட்டார். யாரோ ஒரு நோயாளிக்காகத் தொடங்கிய வேலை நம் கிணற்றுக்கு வந்து உதவுகிறது. எனக்கு அது பெரிதாகப் பட்டது, உன்னிடம் சொல்லத் தோன்றியது.

வாய்க்காலுக்கு காங்கிரீட் போடுவது பற்றி நம் பக்கம் இரண்டு கட்சி இருப்பது உனக்குத் தெரியும். கசிவு நீர் நின்றால் கிணறு போய்விடும் என்று ஒரு கட்சி, கடைமடைக்குத் தண்ணீர் வரட்டும் என்று ஒரு கட்சி. இந்தப் படத்தை அதைப் பேசும் சபையில் வைக்கலாம். ஆனால் 2,07,000 ஏக்கர் பாசனத்தில் இது ஒரு கிணறு. அதையும் தலைப்பிலேயே எழுதிவிட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் ஏறுவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, மழையும் கூடவே பெய்கிறது. தை, மாசியில் மழை அனேகமாகக் கிடையாது. கடலைக்கும் எள்ளுக்கும் தண்ணீர் விடும் அந்தப் போகத்தில் கிணறு ஏறியிருக்கிற வருசங்களைத்தான் பேச வேண்டும். அவற்றை மட்டும் பெரிதாக்கித் தனியாக ஒரு படம் போட்டுக் கொடு. அது எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.

திருத்திய கோப்பை இன்றே அனுப்புகிறேன். இன்னொன்று. 1991 மார்ச்சில் ஒரு புள்ளி மட்டும் கோட்டை விட்டு மேலே தள்ளி நிற்கிறது. 41 என்று தட்டச்சு செய்திருக்கிறேன். முன்வாரம் 46, பின்வாரம் 47. நோட்டில் பார்த்தால் அப்பாரு 1க்கும் 7க்கும் ஒரே மாதிரி தலை வளைத்திருக்கிறார். அப்பா 47 என்கிறார், எனக்கு 41 போலத்தான் தெரிகிறது. அந்தப் பக்கத்தை வெயிலில் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். பக்கத்து எண்களைப் பார்க்காமல், எழுத்தை மட்டும் பார்த்துச் சொல்லு சாமி.

அன்புடன்,
அம்மா